பத்மினியின் மூக்கை இறக்கிய கதை

என் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவை நான் நாக்கில் வைத்ததில்லை. கோயிலில் கொடுக்கும் தீர்த்தத்தையே மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள். அப்படிப்பட்ட நான், பெண் பார்க்கப் போகிற வழியில், பட்டு வேட்டி சட்டையோடு, கையில் குவார்ட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு நட்டநடு ரோட்டில் நின்றிருக்கிறேன். எதிரில் போலீஸ். அவருக்குப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன். இத்தனைக்கும் காரணம் வேறு யாருமில்லை, என் அதிபுத்திசாலித்தனம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். (அப்போது மெக்கானிக் சலீம் பாய் மேல் பழியைப் போட்டேன். பாய், மன்னிச்சுக்குங்க.)

எங்கள் வீடு விழிதியூரில். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அப்பா ஓய்வு பெற்று, முழுநேரமும் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிர் நீலத்தில் ஒரு பழைய பத்மினி. "பத்மினிக்கு ஒடம்பு சரியில்ல, நான் எங்கயும் வரல" என்று அவர் போனில் சத்தமாகச் சொல்வதைக் கேட்டு, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அம்மாவிடம் துக்கம் விசாரிக்காத குறை. அந்தக் காரில் எல்லாம் நன்றாக இருந்தது, பிரேக்கைத் தவிர. காரைக்காலில் நிற்க வேண்டுமென்றால் திருநள்ளாறிலேயே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அப்பா சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு காலாலும் பெடல் மேல் ஏறி நின்றுதான் வண்டியை நிறுத்துவார். முப்பது வருஷப் பழக்கம் அது.

எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வீட்டில் ஒத்துவரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் நாங்கள். இங்கே பாட்டில் மலிவு என்பதால், காரைக்கால் மாப்பிள்ளை என்றாலே காலையில் பல் விளக்குவதே அதில்தான் என்று அந்தப் பக்கத்தில் சிலருக்கு ஒரு நம்பிக்கை. பன்னிரண்டாவதாக வந்த வரன் யமுனா. பொறையாறு பக்கம் வீடு, பள்ளியில் கணக்கு டீச்சர். போட்டோவில் அவள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும், இவள்தான், இவளை விட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அவள் அப்பா போட்டது ஒரே நிபந்தனைதான். சொத்து பத்து வேண்டாம், ஜாதகம்கூட அப்புறம் பார்க்கலாம், ஆனால் பையன் வீட்டில் பாட்டில் வாடையே இருக்கக் கூடாது.

என் பக்கத்திலிருந்து போன போட்டோவில் நான் காரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். "பொண்ணுக்குக் கார் ரொம்பப் புடிச்சிருக்காம்" என்றார். என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஓரமாக நிற்பது யார் என்று மட்டும் கேட்டார்களாம் என்றார். சரி, அவளுக்குப் பிடித்தது கார். அந்தக் காரையே சும்மா கொண்டுபோய் நிறுத்தலாமா? அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

அந்த நாட்களில் நான் செல்போனில் ஒரே வகை வீடியோதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் யாரோ பழைய கார்களை முன்பக்கம் தாழ்த்தி, கண்ணாடி மாதிரியான ரோட்டில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்த கார் அப்படியொரு அழகாக இருக்கும். அந்த ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர்கூட இல்லை என்பதை நூறு வீடியோ பார்த்தும் நான் கவனிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் சென்னையில் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் போனார்கள். அவர்கள் ஏறிய பஸ் கிளம்பியதும், நான் காரை எடுத்துக்கொண்டு நேராகக் காரைக்காலுக்கு, சலீம் பாய் பட்டறைக்குப் போனேன்.

சலீம் பாய் சார்ஜாவில் பதினோரு வருஷம் கார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, ரோட்டைக் காட்டி, இதுக்கு வண்டியத் தூக்கணும் தம்பி, எறக்கக் கூடாது என்றார். நான் வீடியோவைக் காட்டினேன். அவர் ரோட்டையே காட்டினார். கடைசியில் என் கல்யாண விஷயத்தைச் சொன்னதும் இளகிவிட்டார். ஆனால் ஒரு கண்டிஷன். "பிரேக்கை மாத்தாம நான் ஸ்பிரிங்ல கை வைக்க மாட்டேன். மூஞ்சி எறங்குன வண்டி, நிக்கவும் தெரிஞ்சிருக்கணும்."

பிரேக் வேலையை அவர் செய்த அழகு இருக்கிறதே, இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். முன்சக்கரத்தின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு புது மாடல் காரின் டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்து, லேத்தில் தனியாக ஒரு பிடிமானம் செய்து, வெல்டிங் வைத்துப் பொருத்தினார். பெடலைத் தொட்டாலே போதும் என்கிற மாதிரி, பானட்டுக்குள் கறுப்பாக, வட்டமாக ஒரு டப்பாவையும் வைத்தார். அதற்குப் பெயர் வேக்குவம் பூஸ்டர். உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அந்த இழுப்பில் காலுக்குப் பலம் கொடுக்கும். ஓட்டிப் பார்த்தபோது, சுண்டுவிரலால் அழுத்தினால்கூட வண்டி ஆணி அடித்தது போல் நின்றது.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் நான் புகுந்து கெடுத்தேன். எவ்வளவு இறக்க வேண்டும் என்று பாய் கேட்டார். நான் மூன்று விரலைச் சேர்த்துக் காட்டி, மூணு விரக்கடை என்றேன். (வீட்டில் சோற்றுக்குத் தண்ணீர் வைப்பதிலிருந்து வயலில் தண்ணீர் நிற்பது வரை எங்களுக்கு எல்லாம் விரக்கடைக் கணக்குதான்.) சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். நான் காட்டியது பேனா பிடிக்கிற விரல். பாய் அளந்ததோ ஸ்பேனர் பிடிக்கிற விரலால். அவருடைய ஒரு விரல் மொந்தன் வாழைக்காய் அளவு இருக்கும். நான் திரும்பி வந்தபோது ஸ்பிரிங்கை வெட்டி, மாட்டி முடித்திருந்தார். கார் தன் நிழலையே நக்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் அதிகமோ என்று இழுத்தேன். அளந்துதான் வெட்டினேன் என்று அந்த மூன்று விரலையும் காட்டினார். நான் பர்ஸை எடுத்தேன்.

கிளம்பும்போது, புது பிரேக் என்பதால் ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தால் ஊற்றுங்கள் என்று மிச்சமிருந்த பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். ஊரில் ரோட்டோரம் குனிந்தால் கைக்கு அகப்படுகிற காலிப் பாட்டில் எது? குவார்ட்டர் பாட்டில்தான். கழுவி, வெயிலில் காயவைத்து, விளிம்பு வரை நிரப்பி, மூடி போட்டிருந்தார் அந்த ஐந்து வேளைத் தொழுகையாளி. ஆயில் நல்ல தேன் நிறம். நான் அதை வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, அங்கேயே மறந்தும் போனேன்.

அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சென்னையிலிருந்து வந்தார்கள். அன்றைக்குத்தான் பெண் பார்க்கப் போகிறோம். வாசலில் காரைப் பார்த்த அப்பா பையைக் கீழே வைக்காமல் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது யாரு கால்ல விழுந்து கெடக்கு?" என்று கேட்டார்.

இதுதான் இப்போது ஸ்டைல் என்றேன். திட்ட அவருக்கு நேரம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் பெண் வீட்டுப் படி ஏற வேண்டும். அதோடு பெண்ணின் தாய்மாமன் குமரேசன், எல்லை செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடையில் நிற்கிறேன், அங்கிருந்து வழி காட்டிக் கூட்டிப் போகிறேன் என்று வேறு சொல்லியிருந்தார். நான் ஓட்ட, அப்பா முன்னால் உட்கார, அம்மாவும் அத்தையும் மடியில் பழத்தட்டுகளோடு பின்னால் ஏற, பத்து மணிக்குக் கிளம்பினோம்.

விழிதியூரிலிருந்து எல்லை வரை எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என் அத்தையைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேரும் இறங்க வேண்டும். வண்டியைக் காலியாக, குறுக்காக, நத்தை வேகத்தில் ஏற்றி இறக்குவேன். பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள் பழத்தட்டோடு இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறுவார்கள். நாலாவது மேட்டில் ஒரு பெரியவர், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று பக்தியோடு கேட்டார். எட்டாவது மேட்டுக்கு மேல் அத்தை ஏறவே மறுத்துவிட்டாள். அடுத்த மேடு வரை நடந்தே வருகிறேன், எனக்கு அதுதான் சீக்கிரம் என்றாள். உண்மையிலேயே எங்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

செக்போஸ்ட்டை அடைந்தபோது மணி பதினொன்றே கால். தடுப்பருகே நின்ற ஏட்டு எங்கள் வண்டியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். எல்லைப் போலீசுக்கு ஒரு கண் கணக்கு உண்டு. வண்டி அமுங்கி வந்தால் உள்ளே சரக்கு. சாதாரணமாகப் பின்பக்கம்தான் அமுங்கும். எங்கள் வண்டி முன்பக்கம் அமுங்கிப் போயிருந்தது. அவர் அனுபவத்தில் இது புது டெக்னிக்.

ஓரம் கட்டச் சொன்னார். நான் வண்டியை இறக்கியிருப்பதாக விளக்கினேன். "எங்க எறக்குனே?" என்றார். காரைக்காலில் என்றேன். "அங்க ஏத்துவாங்க, இங்கதானே எறக்குவாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. அம்மாவையும் அத்தையையும் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கீழே குனிந்து டார்ச் அடித்தார். முன்சக்கரத்தின் உட்புறம் புது வெல்டிங். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பானட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பளபளவென்று கறுப்பு டப்பா. தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க சார். வெற்றிடம்."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குய்யா டப்பா?"

நான் பத்தாம் வகுப்பில் படித்த இயற்பியலை எல்லாம் திரட்டி, ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அந்த டப்பாவின் வேலையே என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்பா கண்ணாலேயே நிறுத்து என்றார். ஏட்டு டிக்கிப் பக்கம் போனார்.  அவர் திரும்பி வந்தபோது கையில் அந்தப் பாட்டில் இருந்தது. விளிம்பு வரை, தேன் நிறத்தில், வெயிலில் மின்னியது.

அப்பா அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது வரை காரைக்காலிலேயே வாழ்ந்தும் பெயரைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர் அவர்.  அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, "தம்பி, நீயா?" என்று மட்டும் கேட்டாள். அது பிரேக் ஆயில் என்றேன். ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், போன வாரம் ஒருத்தன் இதையே கஷாயம் என்றான் என்றார் ஏட்டு. மூடியைத் திறந்து மோந்தவர் முகம் சுளித்தார். ஆனாலும் மலிவுச் சரக்கு எதுவும் வாசனையாக இருக்காது என்பது அவர் கட்சி.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும். சாராயம் பட்டால் உரியாது. நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று பாட்டிலை வாங்கினேன். ஒரு சொட்டு போதும். ஆனால் நான் இருந்த ஆவேசத்தில் மொத்தப் பாட்டிலையும் பானட் மேல் கவிழ்த்துவிட்டேன்.

"டேய்" என்றார் அப்பா.

ஒன்றும் ஆகவில்லை. நீலப் பெயிண்ட் பளிச்சென்று அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் ஆகும் சார் என்றேன். ஏட்டு, அப்பா, அம்மா, அத்தை, டீக்கடையிலிருந்து வந்த நாலைந்து பேர் எல்லோரும் பானட்டைச் சுற்றி நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தன் அப்பாவின் காருடைய பெயிண்ட் உரிய வேண்டும் என்று உலகத்திலேயே நெஞ்சுருக வேண்டிக்கொண்ட ஒரே மகன் நானாகத்தான் இருப்பேன். பத்து நிமிஷம் கழித்து ஓரத்தில் லேசாகச் சுருக்கம் விழுந்தது. துணியால் துடைத்தேன். ஒரு தாம்பாளம் அளவுக்கு நீலம் அப்படியே துணியோடு வந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஏட்டுக்கே மனசு கேட்கவில்லை. "இந்தா, எதிர்ல எங்க பேரிகேடு பெயிண்ட் அடிச்சுத்தானே நிக்குது, அதுல ஒரு சொட்டு வெச்சிருக்கலாம்ல?" என்றார். நான் காலிப் பாட்டிலோடு நின்றேன். அந்தச் சமயத்தில் கூட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முன்னால் வந்தார். ரொம்ப நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறார்.

"நீங்க விழிதியூர்லேர்ந்து வர்றீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லலாமா என்று நாங்கள் நால்வருமே யோசித்தோம். அவர்தான் குமரேசன் மாமா.

அவர் செல்போனை எடுத்தார். போனில் யாரிடமோ, "ஆமா அத்தான். பாட்டிலோடதான். நேர்ல சொல்றேன்" என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஏட்டு எங்களைப் போகச் சொன்னதும், மாமா தன் மொபெட்டில் ஏறி, பின்னால் வரச் சொன்னார். அப்பா என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் இனி ஓட்டவே கூடாது என்றார். புது பிரேக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நீ வாயைத் திறக்கவும் கூடாது என்றார். அதனால் திறக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் திபுதிபுவென்று ரோட்டில் ஏறியது. மாமா சடாரென்று மொபெட்டை நிறுத்தினார். அப்பா முப்பது வருஷப் பழக்கத்தில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு காலாலும் பிரேக் மேல் ஏறி நின்றார். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நாங்கள்தான் நிற்கவில்லை. அப்பா நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதி ஹாரன் அலறியது. அத்தை முன்சீட்டுக்குப் பாதி வந்துவிட்டாள். ஆப்பிளும் மாதுளையும் என் தலைக்கு மேலே பறந்து முன்கண்ணாடியில் மோதின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மாமா திரும்பிப் பார்த்தபோது எங்கள் பம்பர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பழைய பிரேக்காக இருந்திருந்தால் அன்று எனக்குக் கல்யாணத்துக்குப் பதிலாகக் கருமாதிச் சாப்பாடுதான். மாமா மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு, நீங்க முன்னால போங்க, நான் பின்னாலிருந்து வழி சொல்றேன் என்றார்.

வீட்டுப் படி ஏறியபோது மணி பன்னிரண்டு இருபது. நட்டநடு எமகண்டம். பெண்ணின் அப்பா வாங்க என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. பிறகு மாமாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நடுவில் ஒரு துணித் திரைதான், எல்லாமே கேட்டது. மாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஏட்டு விட்டுவிட்டாரே என்று பெண்ணின் அம்மா இழுத்தாள். ஊற்றிக் காட்டியது என்னவோ, டிக்கியில் இன்னும் எத்தனை இருந்ததோ, இந்த இடம் வேண்டாம் என்றார் பெண்ணின் அப்பா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதிமூன்றாவதாக ஒரு வீடு எனக்குத் தேவையே இல்லை, இந்த வீடுதான் வேண்டும் என்று இருந்தது. அப்போது இன்னொரு குரல் கேட்டது. மெல்லிய, வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய குரல்.

"மாமா, பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சு?"

"முட்ட முட்ட இருந்துச்சும்மா."

"அதுல எவ்வளவு ஊத்துனாரு?"

"முழுசையும்தான்."

"குடிக்கிறவரு யாராவது முழு பாட்டிலையும் எடுத்துக் கார் மேல ஊத்துவாரா மாமா?"

 குமரேசன் மாமா, அடிமனசிலிருந்து, அப்படியொரு வேதனையோடு சொன்னார்.

"மாட்டாங்கம்மா. மனசு வராது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கிறது. திரைக்குள் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பியது எங்களுக்குக்கூடத் தெரிந்தது. ஒங்களுக்கு எப்புடித் தெரியும் என்று ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது. அது மாமாவின் மனைவி. அதன் பிறகு என்னைப் பற்றிய விசாரணை முடிந்து, அந்த வீட்டில் வேறு விசாரணை ஆரம்பமாகிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் யமுனா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். போட்டோவில் பார்த்த அதே சிரிப்பு. அவள் அப்பாவே சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில் எங்களை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, ஜாதகத்தையும் கேட்டார்கள்.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. சலீம் பாய் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிட்டார், பிரேக்கை மட்டும் தொடவில்லை. குமரேசன் மாமாவோ இன்று வரை என்னை மன்னிக்கவில்லை. அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், தெரியாதவர்களிடம் என்னை அவர் அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "நம்ம மாப்பிள்ளை. குடிப்பழக்கம் எதுவும் கெடையாது. பாட்டில் கெடச்சா வண்டி மேல ஊத்திடுவாரு." சொந்தத்தில் சின்னது பெரியது எல்லோருக்கும் இது மனப்பாடம். கல்யாண மண்டபத்து வாசலில் நான் தண்ணீர் பாட்டிலோடு நடந்து போனால்கூட, யாராவது ஒருவர் ஓடிவந்து தன் வண்டியை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.